வேதாத்திரியின் நாலு கட்டமும் விடுபட்ட இரண்டும்

'வாழ்க வளமுடன்' ஸ்டிக்கர் இல்லாத தெரு கோவையில் இருக்குமா என்பது சந்தேகம்தான். கார் கண்ணாடியில் இருக்கும், பேக்கரி கல்லாவுக்கு மேலே இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும். சிலர் போனை எடுத்ததும் ஹலோவுக்குப் பதிலாக இதைத்தான் சொல்வார்கள். ஆனா அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற புத்தகங்களைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தால் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடும். படித்தவர்களில் பாதிப் பேர் பூஜை அறை மனநிலையில் படித்திருக்கிறார்கள். மீதிப் பேர் "இன்னொரு சாமியார்" என்று நாலு பக்கத்தில் மூடி வைத்திருக்கிறார்கள். இரண்டு தரப்பும் புத்தகத்தோடு சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

நான் இங்கே எடுத்துக்கொள்வது வேதாத்திரி மகரிஷி 'மனவளக்கலை'யில் சொல்லும் அகத்தாய்வுப் பகுதியை மட்டும். தவம், காயகல்பம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டேன். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், கடைசியில் 'நான் யார்'. இந்த ஐந்தையும் ஒரு மனநல ஆலோசகர் தன் நோயாளிக்குக் கொடுக்கிற கையேடு மாதிரி படித்தால் எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது? அதுதான் கேள்வி.

'ஆலோசகர்' என்று சொல்வது சும்மா வம்புக்கு இல்லை. 1911 ஆகஸ்ட் 14 அன்று கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், சின்ன வயதிலேயே தறியில் உட்கார்ந்தவர். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் கிருஷ்ணாராவ் என்ற ஆயுர்வேத மருத்துவரிடம் தியானமும் வைத்தியமும் கற்றுக்கொண்டார். பிறகு பரஞ்சோதி மகானிடம் குண்டலினி தீட்சை. ஆக, அவர் ஒரு வைத்தியர். உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மனசுப் பக்கம் நகர்ந்திருக்கிறார். 1958இல் உலக சமுதாய சேவா சங்கம், 1984இல் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகிற வழியில் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில். 2006 மார்ச் 28இல் காலமானார். சென்னைப் பக்கத்து ஆள் கொங்கு நாட்டில் ஏன் இவ்வளவு ஆழமாக வேர் பிடித்தார் என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் இருக்கிறது. அதைச் சொல்ல அவருடைய முறையைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

அகத்தாய்வில் முதலில் கண்ணில் படுவது பேப்பரும் பேனாவும். கண்ணை மூடு, எண்ணத்தை நிறுத்து என்று ஆரம்பிக்காமல், எழுதச் சொல்கிறார். உன் ஆசைகளைப் பட்டியல் போடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது தேவைதானா, நிறைவேற்றிக்கொள்ள வசதி இருக்கிறதா, நிறைவேறினால் பின்விளைவு என்ன என்று பார். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது, எதை விடுவது என்று முடிவு பண்ணு. அதேபோல யார் யார் மேல் கோபம் வருகிறது என்று ஒரு பட்டியல். கவலைகளுக்கு ஒரு பட்டியல். ஆசையே கூடாது என்று சொல்லாமல் சீரமைத்துக்கொள் என்று சொன்னதுதான் அவருடைய பெரிய விற்பனை வாசகம் என்று வைத்துக்கொள்ளலாம். (விற்பனை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல சரக்குக்கும் வாசகம் வேண்டும்.)

இப்போ ஊகம். இந்த ஊரில் பஞ்சு மண்டி, மோட்டார் பம்ப் பட்டறை, பனியன் கம்பெனி, கோழிப்பண்ணை என்று எதை நடத்துகிறவராக இருந்தாலும் ராத்திரி படுக்கப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டில் வரவு செலவு எழுதுவார். அந்த ஆளிடம் "நீயே பிரம்மம்" என்று ஆரம்பித்தால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "உன் கோபத்துக்கு ஒரு கணக்கு நோட்டு போடு" என்றால் உட்கார்ந்து கேட்பார். வேதாத்திரி ஆன்மிகத்தைப் பேரேட்டு மொழியில் பேசினார். அதற்கு ஏற்ற ஆட்கள் இங்கே ஏராளமாக இருந்தார்கள்.

இதே காலகட்டத்தில் உலகத்தின் வேறு மூலைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாகிறது. நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் 1950களின் நடுவில் ஃபிராய்டு வழியை விட்டுவிட்டு, துன்பம் நிகழ்ச்சியால் வருவதைவிட அந்த நிகழ்ச்சியைப் பற்றி நாம் வைத்திருக்கிற நம்பிக்கையால் வருகிறது என்று சொல்லி ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். தனக்கு அந்த யோசனை கொடுத்தவர்களில் எபிக்டெடஸ் ஒருவர் என்று அவரே சொல்லியிருக்கிறார். எபிக்டெடஸ் ரோமானிய சாம்ராஜ்யத்தில் அடிமையாக இருந்து தத்துவ ஆசிரியரானவர். ஆரன் பெக் 1960களில் தன் நோயாளிகளைத் தங்கள் எண்ணங்களை எழுதிப் பார்க்கச் சொன்னார். ஜோசப் வோல்ப்பே 1958இல் வெளியிட்ட நூலில் ஒரு முறையை விளக்கினார்: முதலில் உடம்பைத் தளர்த்தி அமைதியாக்கு, அந்த நிலையிலேயே பயம் தரும் காட்சியை மனசுக்குள் கொண்டுவா. பழகப் பழக காட்சியின் விஷம் இறங்கும்.

சினம் தவிர்த்தலில் வேதாத்திரி செய்யச் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். தவத்தில் மனசு அடங்கின பிறகு யார் மேல் கோபமோ அவரை நினைவுக்குக் கொண்டுவந்து வாழ்த்து. அமைதியும் கோபத்தின் முகமும் ஒரே நேரத்தில் மனசில் இருக்கும்போது இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. இந்த மாதிரி ஒற்றுமைகளைப் பார்த்ததும் "அவங்க எல்லாம் நம்மகிட்ட இருந்துதான் எடுத்தாங்க" என்று வாட்சப்பில் கிளம்பிவிடுவார்கள், அந்த வண்டியில் நான் ஏறமாட்டேன். ஒரே மாதிரி பிரச்சனைக்கு வெவ்வேறு டீம் ஒரே மாதிரி கோடு எழுதுவது எங்கள் தொழிலில் தினமும் நடக்கிறது. அப்படி நடந்தால் அந்தத் தீர்வில் ஏதோ சத்து இருக்கிறது என்று அர்த்தம்.

எண்ணம் ஆராய்தலில் ஒரு எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆறு காரணம் சொல்கிறார்: தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் மனத்தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம். ஒரு பக்-ஐ பிடிக்க லாகை மேய்கிறவனுக்கு இந்தப் பட்டியல் உடனே பிடித்துப்போகும். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறக்கிறேன். பசியா (தேவை), தினமும் திறக்கிறதாலா (பழக்கம்), டிவியில் பிரியாணி விளம்பரம் வந்ததாலா (சூழ்நிலை)? இப்படிக் கேட்டுப் பார்த்தாலே பாதி நேரம் கதவை மூடிவிடலாம்.

முதல் மூன்றும் நாமே சோதித்துப் பார்க்கக்கூடியவை. பின் மூன்றும் அப்படியில்லை, இங்கேதான் எனக்கு முதல் தகராறு. பிறர் மனத்தூண்டுதல் என்றால் எதிரில் இருக்கிறவர் பேசித் தூண்டுவது மட்டும் இல்லை, அவருடைய எண்ண அலை வந்து தாக்குவதும் அவர் கணக்கில் சேர்த்தி. கருவமைப்பு என்றால் பெற்றோர், முன்னோர் வழியாக வந்த வினைப்பதிவு. ஒரு எண்ணம் எனக்குக் கருவமைப்பிலிருந்து வந்ததா, போன வாரப் பழக்கத்திலிருந்து வந்ததா என்று எதை வைத்துப் பிரிப்பது? பிரிக்க வழி இல்லாத ஒரு பெட்டியைப் பட்டியலில் வைத்தால் என்ன ஆகும் என்று எந்த சப்போர்ட் இன்ஜினியரைக் கேட்டாலும் சொல்வார். விளங்காத டிக்கெட் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்ச் சேரும்.

இது வெறும் தர்க்கப் பிரச்சனையாக இருந்தால் விட்டுவிடலாம். மனசுக்கு வரும் பெரிய நோய்களில் சிலவற்றுக்கு மரபணுவுக்கும் பங்கு உண்டு என்பது மருத்துவமே சொல்வது. ஆனால் மரபணு என்பது யாருடைய குற்றமும் இல்லை. வினைப்பதிவு என்ற சொல் அப்படிச் சும்மா இருக்காது. அதில் 'வினை' இருக்கிறது. இருபது வயதில் மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா வந்த ஒரு தாய் இதைப் படித்தால் அவருக்கு என்ன கேட்கும்? "உங்க பரம்பரைல யாரோ பண்ணினது." நம் பக்கத்தில் பெண் பார்க்க வரும்போது அந்த வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா என்று பங்காளி வீடு வரை போய் விசாரிக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. அதனாலேயே குடும்பங்கள் மறைக்கின்றன, மறைப்பதாலேயே வைத்தியம் தள்ளிப்போகிறது. அந்தச் சூழலில் இந்தச் சொல் மருந்தின் பக்கம் நிற்காது. வேதாத்திரி யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை என்பது தெளிவு. வினைப்பதிவைக் கழித்துவிடலாம் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. ஆனாலும் ஒரு சொல் ஊருக்குள் போய் என்ன செய்யும் என்பது எழுதினவரின் நல்லெண்ணத்தோடு முடிகிற விஷயம் இல்லையே.

காந்தத் தத்துவத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். வான்காந்தம், சீவகாந்தம் என்று அவர் சொல்வது பிஇ முதல் வருட ஃபிசிக்ஸில் படித்த காந்தம் இல்லை. டெஸ்லா அலகில் அளக்கக்கூடிய பொருளைப் பற்றி அவர் பேசவில்லை. அதை ஒரு உருவகமாக எடுத்துக்கொண்டால் அழகான உருவகம். விஞ்ஞானம் என்று மேடையில் சொல்லும்போதுதான் எனக்கு நெளியும். நல்ல செய்தி என்னவென்றால் அகத்தாய்வு இதைச் சார்ந்து நிற்கவில்லை. அந்த லைப்ரரியைக் கழற்றி எடுத்துவிட்டாலும் ப்ரோகிராம் ஓடுகிறது.

இனி கவலை. இந்த முழு முறையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், மிகவும் பயம் தருகிற பகுதியும் இதுதான்.

கவலைகளை எழுதி நாலு கட்டத்தில் பிரிக்கச் சொல்கிறார். அனுபவித்தே தீர வேண்டியவை. தள்ளிப்போட வேண்டியவை. அலட்சியம் செய்ய வேண்டியவை. உடனே செயல்பட்டுத் தீர்க்க வேண்டியவை.

எபிக்டெடஸிடம் இரண்டு கட்டம்தான் உண்டு: நம் கையில் இருப்பது, நம் கையில் இல்லாதது. கூர்மையான பிரிவு, ஆனால் வாழ்க்கையில் பாதி விஷயம் அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். மகளின் கல்யாணம் நம் கையில் இருக்கிறதா, இல்லையா? வேதாத்திரியின் முறையில் அதற்கு இடம் இருக்கிறது. மகளுக்கு இப்போ பத்தொன்பது வயசு, படிக்கிறாள், தள்ளிப்போடு. தள்ளிப்போடுவது என்பது கோழைத்தனம் இல்லை, அதுவும் ஒரு முடிவு என்று ஒரு அப்பாவுக்கு அனுமதி கொடுக்கிறது இந்தக் கட்டம். அலட்சியக் கட்டமும் அப்படித்தான். "சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க" என்பதைத் தூக்கி அங்கே போட்டால் கொங்கு நாட்டில் பாதி ரத்த அழுத்தம் இறங்கிவிடும். (எங்கள் அலுவலகத்தில் ஒரு பயிற்சியாளர் வேலைகளை நாலு கட்டத்தில் போடும் அமெரிக்க முறையை அரை நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். பொள்ளாச்சிப் பக்கம் காலை அஞ்சரை மணி வகுப்புக்குப் போகும் ஒரு தேங்காய் வியாபாரிக்கு இதில் புதுசாக ஒன்றும் இருந்திருக்காது.)

நாலில் சிறந்தது முதல் கட்டம். அனுபவித்தே தீர வேண்டியவை. ஒருத்தர் செத்துப்போனால், ஒரு கை போனால், அதற்குத் தீர்வு கிடையாது, இருந்து கடந்துதான் ஆக வேண்டும். கவலையை 'ஒழிக்க' வந்த ஒரு ஆசிரியர், ஒழிக்க முடியாத கவலைக்கு முதல் இடம் ஒதுக்கியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். நேர்மறைச் சிந்தனை விற்கிறவர்கள் யாரும் இதைச் செய்வதில்லை. அவர்களுக்கு எல்லாக் கவலையும் நாலாவது கட்டம்தான்: செயல்படு, ஜெயி. எழவு வீட்டில் போய் "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு வருகிற நமக்கும் இந்தக் கட்டம் தேவை.

சரி, பயம் எங்கே? இரண்டு இடத்தில்.

ஒன்று, இந்த நாலு கட்டமும் ஒற்றை ஆளுக்கானவை. என் கவலை, என் பட்டியல், என் முடிவு. ஆனால் சில கவலைகள் ஒரு தெருவுக்கே சொந்தம். 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெசவு செய்கிற விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள். சோமனூர், பல்லடம் பக்கம் தறிச்சத்தம் நின்றுபோனது. பேசி ஒத்துக்கொண்ட உயர்வே கைக்கு வரவில்லை என்பதுதான் அவர்களுடைய வழக்கு. கரண்ட் பில்லும் வங்கித் தவணையும் ஏறிக்கொண்டே போக, கூலி நின்ற இடத்தில் நின்றால் அந்தக் கவலையை எந்தக் கட்டத்தில் போடுவது? அனுபவிப்பதா? தள்ளிப்போடுவதா? அலட்சியமா? உடனே செயல்படு என்றால் தனியாக ஒரு தறிக்காரர் என்ன செயல்பட முடியும்? அந்தக் கவலையைத் தீர்க்கிற ஒரே வழி பக்கத்துத் தறிக்காரரோடு சேர்ந்து உட்கார்வதுதான். 'கூடித் தீர்க்க வேண்டியவை' என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும். தறியிலிருந்து வந்தவர் அதை விட்டுவிட்டார் என்பது எனக்கு ஆச்சரியம்தான். உலக சமாதானத்துக்குப் பெரிய பெரிய திட்டம் எழுதினவர் அவர். தனிமனிதனுக்கும் உலகத்துக்கும் நடுவில் இருக்கிற சங்கம், தெரு, தொழிற்சாலை என்ற தளம்தான் காணவில்லை.

கோபத்துக்கும் இதே கதை. முதலாளி மேல், ஏஜென்ட் மேல், கணவன் மேல் வருகிற கோபம் எல்லாமே கழிக்க வேண்டிய கழிவு இல்லை. சில கோபம் தகவல். "இங்கே ஏதோ அநியாயம் நடக்குது" என்று அடிக்கிற அலாரம். அலாரத்தை அமைதிப்படுத்தப் பழகிய பிறகு தீ இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது? மனவளக்கலை வகுப்புகளில் பெண்கள் கணிசமாக வருகிறார்கள். ஒரு மருமகள் எழுதும் கோபப் பட்டியலும் அதே வீட்டு மாமனார் எழுதும் பட்டியலும் ஒரே பயிற்சிக்குள் போகின்றன, இரண்டு பேரும் வாழ்த்திவிட்டு வருகிறார்கள். மாமனாருக்கு அது நல்ல மருந்து. மருமகளுக்கு? வேதாத்திரிக்கு இந்த ஏற்றத்தாழ்வு தெரியாமல் இல்லை. தன் மனைவி லோகாம்பாளின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஐ 'மனைவி நல வேட்பு நாள்' என்று கொண்டாட வைத்தவர். வருஷத்தில் ஒரு நாளாவது கணவன் மனைவியை உட்கார வைத்து நன்றி சொல்ல வேண்டும் என்று அவருடைய தலைமுறையில் எத்தனை ஆன்மிக ஆசிரியர்கள் சொன்னார்கள்? அதை மதிக்கிறேன். ஆனால் நன்றி வேறு, கோபத்தைக் காது கொடுத்துக் கேட்பது வேறு.

இரண்டாவது இதைவிடக் கனமானது. கவலையை நாலாகப் பிரிக்க ஒரு ஆள் வேண்டும் இல்லீங்களா? பிரிக்கிற அந்த மனசே உடைந்துபோயிருந்தால்?

ஃபிராய்டு 1917இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் துக்கத்தையும் மெலன்கோலியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். சோறு இறங்காது, உலகத்தில் அக்கறை இருக்காது. ஆனால் துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது, மெலன்கோலியாவில் 'நான்' வெறுமையாகிறது. நான் எதற்கும் லாயக்கில்லை, நான் பாரம், நான் பாவி. நூறு வருஷம் ஆகியும் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று மருத்துவர்களுக்குள்ளேயே விவாதம் ஓயவில்லை. நெருங்கினவரை இழந்த துக்கத்துக்கு இருந்த விதிவிலக்கை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் கையேட்டிலிருந்து எடுத்தபோது பெரிய சண்டையே நடந்தது. கோடு எங்கே என்பதில் சண்டை இருக்கலாம். ஆனால் கோடு ஒன்று இருக்கிறது.

மனச்சோர்வு நோயில் இருக்கிறவரிடம் பேப்பரும் பேனாவும் கொடுத்துக் கவலையைப் பிரி என்றால், அவர் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் போடுவார். 'அனுபவித்தே தீர வேண்டியவை.' ஏனென்றால் தனக்கு அதுதான் தகுதி என்று அந்த நோய் அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் முயற்சி பண்ணியும் கவலை ஒழியவில்லை என்றால் அடுத்து அவர் வந்து சேர்வது, "எல்லாருக்கும் பலிச்சது எனக்குப் பலிக்கலே, அப்ப நான்தான் கோளாறு." நல்ல மருந்து இப்படித்தான் விஷமாகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தம்பி முறை ஆகவேண்டிய பையன், முப்பது வயசு, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தான், நன்றாகவே தேறி வந்தான். எந்த மன்றத்துக்கும் போனவன் இல்லை. வீட்டில் பெரியவர்கள் சேர்ந்துதான் சொன்னார்கள்: "மாத்திரை எதுக்கு கண்ணு, காலைல எந்திரிச்சு மனசை ஒருநிலைப்படுத்துனா எல்லாஞ் சரியாப் போயிரும்." அலமாரியில் இருந்த நாலைந்து ஆன்மிகப் புத்தகங்களையும் கொடுத்தார்கள். மாத்திரை நின்றது. இரண்டு மாதத்தில் அவன் அறையை விட்டு வெளியே வருவதே நின்றது. அவனைத் திரும்பவும் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க அவன் அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். பெரியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாசத்தோடுதான் சொன்னார்கள். அவர்கள் கையில் இருந்த எந்தப் புத்தகத்திலும் "இந்த இடத்தில் இதை மூடி வைத்துவிட்டு டாக்டரைப் பார்" என்ற ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

இது ஒரு வீட்டுக் கதையாக நின்றுவிடவில்லை. 2015-16இல் நிமான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்குள் வரவே இல்லை என்று கணக்கு வந்தது. அந்த 85 பேரும் எங்கே போகிறார்கள்? கோயிலுக்கு, ஜோசியருக்கு, தர்காவுக்கு, யோகா வகுப்புக்கு, புத்தகத்துக்கு. அதாவது நம் ஊரில் மனநோய்க்கு முதல் மருத்துவர் ஆன்மிகவாதிதான், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். அப்படி இருக்கும்போது "இது மருத்துவ நூல் இல்லையே" என்று தப்பிக்க இடமில்லை. ஒரு வைத்தியர் எழுதின நூலுக்கு அந்தச் சாக்கு இன்னும் பொருந்தாது.

இந்த எல்லைக்கோட்டைப் பழைய கோயில்களும் தர்காக்களும் சில இடங்களில் கற்றுக்கொண்டுவிட்டன என்பதுதான் நான் தேடிக்கொண்டு போகும்போது கிடைத்த எதிர்பாராத விஷயம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு சட்டமும் நீதிமன்றமும் உள்ளே வந்தன. காலப்போக்கில் அதே ஏர்வாடியில் 'தவா - துவா' என்று மருந்தும் பிரார்த்தனையும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிற ஏற்பாடு வந்தது. திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலில் மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்து வேண்டுவது பழைய வழக்கம். இன்று அங்கே அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது, மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார். உச்சிக்கால பூஜையில் தீர்த்தம் தெளிப்பதையும் யாரும் நிறுத்தவில்லை. சாமிக்கும் மாத்திரைக்கும் சண்டை மூட்டாமல் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள்.

பகுத்தறிவு, விஞ்ஞானம் என்று சொல்லி வளர்ந்த மனவளக்கலைக்கு இதைச் செய்வது இன்னும் சுலபமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே பேப்பர் இருக்கிறது, பேனா இருக்கிறது, ஊருக்கு ஊர் காலை வகுப்பு இருக்கிறது, சொல்லிக்கொடுக்க நிதானமான ஆட்கள் இருக்கிறார்கள். கவலைப் பட்டியலுக்குக் கீழே இன்னும் இரண்டு கட்டம் கோடு போட்டால் போதும். ஒன்றில் 'கூடித் தீர்க்க வேண்டியவை'. இன்னொன்றில் இப்படி எழுதலாம்: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் இந்தப் பட்டியலை இங்கேயே நிறுத்து. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மனாஸ் எண் 14416, ராத்திரி பகல் எப்போ வேண்டுமானாலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

என்னிடம் இருக்கிற பிரதியில் கவலை ஒழித்தல் பகுதியின் ஓரத்தில் இதைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் அதை இரவல் கேட்டவருக்கு அப்படியேதான் கொடுத்தேன்.